இடது செருப்புத் திருடன்

பெர்லிதாவின் மேசை என் நாற்காலிக்குப் பக்கத்தில். நான் முடி வெட்டுகிறேன். அவள் நகத்துக்குச் சாயம் பூசுகிறாள். செருப்புக்குப் பேர்போன மரிக்கினாவில் எங்கள் பார்லர் இருக்கும் சந்தில் வீட்டுக்கு வீடு செருப்புத் தைக்கிறார்கள். அந்தப் பெண்களின் விரல்களில் ஒட்டிய பசையைச் சுரண்டி, சாயம் பூசி, அது காயும்வரை அவர்கள் பேசும் ஊர்வம்பைக் கேட்பதுதான் அவள் பிழைப்பு. நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும் கடையில் ஒருநாள் பொம்மைகளைக் குவித்துப் போட்டிருந்தார்கள். சாண் உயரம், முழங்கை முழங்கால் மடங்குகிறவை. அதில் தலையில்லாத ஒரு சிப்பாயை அவள் எடுத்து வந்தாள்.

"இத வச்சு என்னடி பண்ணப்போற?" என்றேன்.

"தல வைக்கப்போறேன்."

வைத்தாள். குழாய் ஓட்டையை அடைக்கிற பசைமண்ணைப் பிசைந்து, பல்குச்சியால் கண் தோண்டி, மூக்கு கிள்ளி, ஒரு பெண்முகம் செய்தாள். சிப்பாயின் தோளை அரத்தால் தேய்த்துக் குறைத்து, கிழிந்த காலுறையில் பாவாடை கட்டினாள். கையில் ஒரு கூடை. வாத்து முட்டை விற்கிறவள் தயார். சாயம்தான் காலை வாரியது. நகச்சாயம் பொம்மையின் மேல் காயவே இல்லை. பிசுபிசுவென்று தூசியெல்லாம் அப்பிக்கொண்டது. நகச்சாயத்தை அழிக்கும் திரவத்தால் துடைத்தால் முகமே கரைந்தது.

"ஐயோ, மூக்கு போச்சு!" என்று அலறினாள். அவள் முன்னால் கை நீட்டி உட்கார்ந்திருந்த வாடிக்கைக்காரி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு தண்ணீரில் கரையும் சாயத்துக்கு மாறினாள். பூசியபின் பளபளப்பைக் கொன்றுவிட வேண்டும்; பளபளத்தால் படத்தில் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பாள். "நகத்துக்காரிங்க தும்முவாங்க, ஃபோன் எடுப்பாங்க. இவ பாரு, எவ்வளவு நேரம்னாலும் அசையாம இருக்கா" என்று பொம்மையை மெச்சுவாள்.

முட்டைக்காரியைச் சாக்கடை ஓரத்திலும் மாடிப்படியிலும் நிறுத்திக் கைபேசியில் படமெடுத்தாள். பேச்சுக் குமிழி போட்டு, கதையாகக் கோத்து ஃபேஸ்புக்கில் ஏற்றினாள். முட்டைக்காரி சந்தில் நடக்கும் திருட்டுகளைக் கண்டுபிடிப்பாள். சந்து முழுக்கப் படித்தது. கதைக்கு ஒரு பெரிய திருடன் தேவைப்பட்டான். எங்கள் ஊரில் எதைத் திருடினால் வலிக்கும்? செருப்பு. அதிலும் இடது கால் செருப்பை மட்டும் திருடுகிறவன்.

அவனுக்குப் பருத்த உடம்பும் கோணல் மீசையும் வைத்தாள். கடைசியில் தூரிகை வழுக்கிக் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. அழிக்கச் சோம்பல். மச்சமாக்கிவிட்டாள்.

நான் பார்த்ததும் கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன். "அடியே, இது அரிசிக்கடை போன்சியானோ அண்ணன்டி!"

அவள் பாய்ந்து கைபேசியை எடுத்தாள். ஆனால் படம் ஏற்கெனவே ஏறி, சந்து முழுக்கப் பார்த்தாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விருந்து. போன்சியானோ வாசலில் வந்து நின்றதும் உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய், கழற்றிவைத்த இடது செருப்பை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நூடுல்ஸ் தட்டு ஒரு கையில், செருப்பு மறு கையில்.

மறுநாள் அவர் பார்லருக்குள் நுழைந்தார். பெர்லிதா சாயப்புட்டியை மூடவும் மறந்து எழுந்து நின்றாள்.

"நீதானே அத செஞ்சது?"

"அண்ணே, சத்தியமா உங்கள நெனச்சு செய்யல. மச்சம் தவறி விழுந்திருச்சு..."

"மச்சத்த விடு. எனக்கு இவ்வளவு தொப்பையா இருக்கு?"

அவர் பையிலிருந்து ஒரு பழைய கட்டம்போட்ட சட்டையை எடுத்து மேசைமேல் போட்டார். "திருடன்னா ஒரு கெத்து வேணாமா? இதுல வெட்டி அவனுக்கு ஒரு சட்ட தைச்சுப் போடு. அப்புறம், அவன் சிரிப்பு சரியில்ல. இப்படிச் சிரிக்கணும்." தலையை அண்ணாந்து சிரித்துக் காட்டினார். என் நாற்காலியில் பாதி முடியோடு இருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

அதிலிருந்து தினமும் கடையை மூடியதும் வந்துவிடுவார். பொம்மைக்குக் குடை பிடிப்பார், டார்ச் அடிப்பார். புகைக்கு அரிசிமாவு கொண்டுவந்து ஊதுவார். ஒருமுறை மாவு மூக்கிலேறி அவர் போட்ட தும்மலில் முட்டைக்காரி, திருடன், விளக்குக் கம்பம் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்தன.

அவர் மனைவி சலூத் அக்காதான் கடுகடுவென்று வந்து நின்றாள்.

"ஏண்டி பெர்லிதா, எப்ப இவன கொல்லப்போற?"

"யாரக்கா?"

"அந்தப் பொம்மையத்தான்! வீட்ல சாப்பிடும்போதுகூட திருடன் சிரிப்பு. நேத்து என் செருப்ப ஒளிச்சு வச்சுட்டு, கண்டுபிடின்றாரு. வயசுக்கு ஏத்த மாதிரியா இருக்காரு? முடிச்சு விடு."

போன்சியானோ காதுக்கு எட்டியதும் பதறி ஓடிவந்தார். "கொன்னுடாதே பெர்லிதா! இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கு."

இரண்டு பேருக்கும் நடுவில் பெர்லிதா திண்டாடினாள். அவள் மனம் திருடன் பக்கம்தான். இவ்வளவு நன்றாக வந்த முகத்தைக் குப்பையில் போட அவளால் முடியாது. யோசித்துவிட்டு, அதே கடையில் வாங்கிவைத்திருந்த இன்னொரு பொம்மையை எடுத்தாள். கழுத்தை வெந்நீரில் முக்கி, பழைய தலையைப் பிடுங்கிவிட்டு, சலூத் அக்காவையே செய்தாள்: கொண்டை, பூப்போட்ட கவுன், இடுப்பில் வைத்த கை.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இடுப்பக் கொஞ்சம் கொறைக்கலாமா?"

பெர்லிதா அரத்தால் தேய்த்துக் குறைத்தாள்.

அடுத்த கதையில் முட்டைக்காரியால் பிடிக்க முடியாத திருடனை, அரிசிமூட்டைக்குப் பின்னால் மறைந்திருந்த அவன் மனைவியே காதைப் பிடித்து இழுத்துவருகிறாள். பேச்சை அக்காவே சொன்னாள்: "மொதல்ல வீட்டு வாசலக் கூட்டு. அப்புறம் திருடப் போ." சந்தில் அன்று ஒருவரும் செருப்புத் தைக்கவில்லை, வீட்டுக்கு வீடு அதைப் படித்துக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நான்கு தடவை அந்தப் பக்கமாகச் சும்மா நடந்துபோனாள்.

இப்போது கதையில் அவர்கள் இருவரும் கூட்டாளிகள். திருட்டு இன்னும் நடக்கிறது. பங்கு பிரிக்கும் சண்டைதான் அதிகம். ஆட்டோக்காரர்களும் மீன்காரியும் தங்களை எப்போது சேர்ப்பாய் என்று பெர்லிதாவைப் பிடுங்குகிறார்கள்.

போன வாரம் சந்தில் வெள்ளம் வரும் காட்சி. துணி ஊறவைக்கும் தொட்டியில் சேற்றைக் கரைத்தோம். அக்கா செம்பால் ஊற்ற, போன்சியானோ அண்ணன் விசிறியால் அலை எழுப்ப, பெர்லிதா ஈரத் தரையில் குப்புறப் படுத்துக் கைபேசியை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"அண்ணே, மெதுவா. திருடன் மூழ்குறான்."

"மூழ்கட்டும்" என்றாள் அக்கா, இன்னொரு செம்பு ஊற்றியபடி.

சிரிப்பில் பெர்லிதாவின் கை ஆடியது. அந்தப் படம் கலங்கித்தான் விழுந்தது. மறுபடி எடுக்காமல் அதையே போட்டாள்.