வெள்ளை அட்டையில் திரும்பி வந்த சொற்கள்

1980-ஆம் வருஷம் பங்குனி மாசம் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்துவிட்டேன். ஆனால் எழுந்து உட்கார்ந்த பிறகு உப்புக் கேட்கக்கூட எனக்குத் தெரியவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் காட்டி, "மழை போடுங்க, மழை போடுங்க" என்றேன். என் அண்ணன் மனைவி குப்பம்மா அண்ணி முதலில் சிரித்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

படவேட்டம்மாவை நம்பி இங்கே கூடியிருக்கிற உங்கள் எல்லாருக்கும் நான் இதைச் சொல்லியே ஆகவேண்டும். என் பேர் சென்னம்மா. எங்கள் ஊர், ஜமுனாமரத்தூரிலிருந்து காட்டு வழியாக நடந்து போகிற ஒரு சின்ன மலைக் கிராமம். அப்பா சாமை போட்டார், புளி உலுக்கினார். அவர் மகள் நான், எங்கள் ஊரிலிருந்து மருந்தாளுநர் படிப்புக்குச் சென்னைக்குப் போன முதல் ஆள். கடைசிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது லீவுக்கு வந்தேன். வந்த இடத்தில் காய்ச்சல். கம்பளியில் கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டு, பஸ் நிற்கிற இடம் வரைக்கும் என்னைத் தூக்கிப் போனார்களாம். வேலூரில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேனாம். எல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்ததுதான்.

கை கால் நன்றாகத்தான் இருந்தது. வார்த்தைகள் மட்டும் இல்லை. ஆடு என்று சொல்ல நினைத்தால் கதவு என்று வரும். போன சொற்கள் திரும்ப வரலாம், வராமலும் போகலாம், காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

தமிழே இப்படி என்றால் லத்தீனுக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் டாக்டர்கள் மருந்துச் சீட்டில் லத்தீன் வார்த்தைகளைத்தான் சுருக்கி எழுதுவார்கள். சாப்பாட்டுக்கு முன் என்பதற்கு ஆன்டே சிபம். சாப்பாட்டுக்குப் பின் என்பதற்குப் போஸ்ட் சிபம். சீட்டில் இரண்டு மூன்று எழுத்துதான் இருக்கும். அதை மருந்து கொடுக்கிறவள் சரியாகப் படிக்க வேண்டும். படித்து மனப்பாடம் செய்த அத்தனையும் போய்விட்டது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து எறும்பு ஊர்வது போல ஊர்ந்தது. மேல்வரியைப் படித்துக் கீழ்வரிக்கு வருவதற்குள் மேல்வரி மறந்துவிடும்.

அப்பா படிப்பை விட்டுவிடச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. என் தலையில் கை வைத்து, உயிரோடு இருந்தால் போதும் என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்குப் புத்தகங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றினேன். காய்ச்சலோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

ஆடி வெள்ளிக்கு அண்ணி என்னைப் படவேட்டுக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார். நல்ல கூட்டம். எல்லாரும் அம்மாவைப் பாடுகிறார்கள், கூவிக் கூப்பிடுகிறார்கள். எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரிந்த பாட்டில் ஓர் அடிகூட வரவில்லை. வாயைத் திறந்தேன், "அம்மா" என்று மட்டும் வந்தது. அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். மனசுக்குள் நான் வேண்டியது இது. என் வார்த்தைகளைத் திருப்பிக் கொடு. ஆனால் என் மறதியால் ஓர் உயிருக்குக் கெடுதல் வரும் என்றால், என்னைப் பாஸ் பண்ண விடாதே.

குங்குமம் வாங்கிக்கொண்டு சந்தவாசலுக்கு வந்தோம். பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒதுங்கின இடம் ஒரு சின்ன அச்சாபீஸ். கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கிற இடம். ஆடி மாசம், கல்யாணம் இல்லை, மெஷின் சும்மா நின்றது. மூலையில் பத்திரிகை அட்டை வெட்டினது போக மிஞ்சின துண்டுகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அடுப்புப் பற்றவைக்க ஆகும் என்று அண்ணி கேட்டார். அச்சாபீஸ்காரர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பஸ்ஸில் அந்தக் கட்டு என் மடியில் இருந்தது. ஒரு துண்டை உருவினேன். உள்ளங்கை அளவு. இரண்டு பக்கமும் வெள்ளை. ஒன்றும் எழுதாத அந்த அட்டையைப் பார்த்தபோது எனக்குப் பயமே வரவில்லை. புத்தகத்தில் நூறு சொல் என்னைப் பார்த்து முறைக்கும். இதில் ஒரு சொல்தான் எழுத முடியும். ஒரு சொல் என்றால் நான் தாங்குவேன் என்று தோன்றியது. அண்ணியைப் பார்த்து, "எரிக்காதீங்க" என்றேன். காய்ச்சலுக்குப் பிறகு இடத்துக்குச் சரியான சொல் தடுமாறாமல் வந்தது அப்போதுதான்.

முதல் அட்டையில் உப்பு என்று எழுதினேன். பிறகு ஆடு, கதவு, மழை. வீட்டில் இருக்கிற சாமான் எல்லாம் எழுதினேன். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. நான் சொல்வது சரியா என்று அவர் எப்படிப் பார்ப்பார்? அதனால் பின்பக்கத்தில் படம் போடச் சொன்னேன். எழுத்து என் பக்கம், படம் அவர் பக்கம். நான் படித்துப் பொருள் சொல்வேன். படத்தோடு பொருந்தினால் தலையாட்டுவார். இல்லையென்றால் அந்த அட்டை திரும்பக் கட்டுக்கு அடியில் போகும்.

ஆவணி பிறந்ததும் சாக்கை இறக்கி லத்தீனுக்கு வந்தோம். நான் புத்தகத்தைப் பார்த்து அர்த்தம் சொல்வேன், அண்ணி படம் போடுவார். சாப்பாட்டுக்கு முன் என்பதற்குக் கவிழ்த்த வட்டில். சாப்பாட்டுக்குப் பின் என்றால் கழுவுகிற கை. ஹோரா சோம்னி, தூங்கப் போகும் நேரம், அதற்கு விரித்த பாய். ஸ்டாட்டிம் என்றால் உடனே. அதற்கு ஒரு கூரைவீடு தீப்பிடித்து எரிகிற மாதிரிப் போட்டார். சி ஓபஸ் சிட் என்றொரு சொல், தேவைப்பட்டால் மட்டும் என்று அர்த்தம். அதை எப்படிப் படமாகப் போடுவது? சாமை புடைக்கும்போதெல்லாம் யோசித்துவிட்டு, மறுநாள் ஒரு குடை போட்டுக்கொண்டு வந்தார். "மழை வந்தாத்தானே கொடைய விரிப்போம்" என்றார்.

இப்படிச் சொன்னால் சுலபமாக நடந்த மாதிரி இருக்கும். அப்படி இல்லை. காலையில் வந்த சொல் சாயங்காலம் இருக்காது. புரட்டாசியில் ஒருநாள் பாதிக் கட்டு அடியிலேயே போய்க்கொண்டிருந்தது. அம்மா என் வேண்டுதலின் இரண்டாம் பாதியைத்தான் கேட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். நான் பாஸ் பண்ணக் கூடாது போலிருக்கிறது. அட்டைகளைக் களத்தில் வீசி எறிந்தேன்.

அண்ணி அவற்றைப் பொறுக்கினார். பதர் ஒட்டியதை ஊதி ஊதித் துடைத்தார். பிறகு என் எதிரே உட்கார்ந்தார். அண்ணிக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்து வயிற்றுப்போக்கில் தவறிப்போனது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் பேசினார்.

"எம் பொண்ணுக்குக் கீழ இருந்து மருந்து வாங்கியாந்தாங்க. சீட்டுல இன்னாவோ எழுதி இருந்துச்சு. எப்ப குடுக்கணும், எவ்ளோ குடுக்கணும், எதுவும் தெரியாமதான் குடுத்தேன். சரியா குடுத்திருந்தா பொழச்சிருக்குமா, அது எனக்குத் தெரியாது. கேக்கறதுக்கு இந்த மலையில ஒரு ஆளு இல்ல. நீ அந்த ஆளா ஆவுவேன்னு இருந்தேன்."

நான் அட்டைகளை வாங்கிக்கொண்டேன். அம்மாவிடம் மறுபடி வேண்டினேன். இந்தத் தடவை எனக்காக வேண்டவில்லை. அதிலிருந்து என் மனசு தெளிந்தது. தினமும் தீபம் ஏற்றி, அட்டைகளை அவள் படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பேன். ஐப்பசி மழையில் எங்கும் போக முடியாது. அடுப்படியில் உட்கார்ந்து அதையே செய்தோம். அடியில் போகிற அட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன.

விடுபட்ட பரீட்சையைக் கார்த்திகையில் எழுதினேன். எழுத்துப் பரீட்சை நல்லபடியாக முடிந்தது. வாய்மொழிப் பரீட்சையில் மேஜைமேல் மருந்துச் சீட்டுகளைப் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு சீட்டில் எல்லாம் நின்றுபோயிற்று. எழுத்து தெரிகிறது, பொருள் வரவில்லை. தெரியாததை ஊகித்துச் சொல்லமாட்டேன் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். கண்ணை மூடி, அம்மா என்றேன். குடை தெரிந்தது. நெளிந்த கம்பியோடு அண்ணி போட்ட அதே குடை.

"தேவைப்பட்டால் மட்டும்" என்றேன்.

பரீட்சை நடத்தினவர் அடுத்த சீட்டை நகர்த்தினார். அவருக்கு அது ஒரு சாதாரண பதில். எனக்கு அந்த இடத்தில் அம்மா வந்து நின்றாள்.

தேறினேன். கொஞ்ச நாள் பொறுத்து மலைமேலேயே ஒரு சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. மருந்து வாங்க வருகிறவர்களில் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். நான் யாருக்கும் வெறுமனே பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பியதில்லை. எப்போது, எவ்வளவு என்று சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்து, அதன் பிறகுதான் கையில் கொடுப்பேன். முதல் சம்பளத்தில் அண்ணியை அழைத்துக்கொண்டு படவேட்டுக்குப் போய் அம்மாவுக்குப் புடவை சாத்தினேன். அண்ணி வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போன சொற்கள் எல்லாமே திரும்பி வந்துவிடவில்லை. இன்றைக்கும் தெரிந்தவர்களின் பேர் சட்டென்று வராது. உங்களில் சிலரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேர் சொல்லாமல் போயிருப்பேன், மன்னியுங்கள். அம்மா எனக்கு எது தேவையோ அதைக் கொடுத்தாள், மற்றதைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

துன்பத்தில் இருக்கிற அக்காமாரே, அண்ணன்மாரே, இதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன். நமக்கு வேண்டத் தெரியவில்லையே, பாட்டுத் தெரியவில்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஒரு சொல்கூட வராவிட்டாலும் பரவாயில்லை, வந்து நில்லுங்கள். நாம் சொல்ல முடியாததையும் அவள் கேட்டுக்கொள்வாள்.