அறுநூற்றுக்கு மேல் எழுதிய பக்கங்களும் ஒரே ஒரு வேண்டுதலும்

1998 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். ஜோகுபாளையத்தில் லேசான தூறல். ஜன்னலைத் திறந்தால் குளிர்காற்று. அந்த நேரத்தில்தான் எனக்கு மேல்வயிற்றில் வலி தொடங்கியது. கத்தியால் முன்னே குத்தி முதுகு வழியாக வெளியே இழுத்தது போன்ற வலி. எட்டு மணிக்குள் நான்கு முறை வாந்தி எடுத்தேன். எனக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. நான் பிழைக்க மாட்டேன் என்று நினைத்தேன்.

அடியார் பெருமக்களே, இந்த வலிக்கு முன்கதை ஒன்று உண்டு.

நான் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்தவன். நட்டு, போல்ட்டு எண்ணி எண்ணியே பழகிவிட்ட ஆள். என் மகள் மாலதிக்கு ஆகஸ்ட் 28 அன்று கல்யாணம் என்று முடிவானதும், அது நல்லபடி நடக்க வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். கல்யாணத்துக்குள் 'ஓம் சரவணபவ' என்று ஒரு லட்சம் முறை எழுதி முடிப்பதாக நேர்ச்சை. பக்கத்துக்குப் பதினெட்டு வரி, வரிக்கு ஆறு. ஆக நூற்றெட்டு. ஜூன் மாதக் கடைசியில், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு மூன்று முடிந்திருந்தது. 62,208 என்று அட்டையில் குறித்து வைத்திருந்தேன்.

அன்று சந்தேகம் வந்து எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது நோட்டு வேறு கடையில் வாங்கியது. அதில் பக்கத்துக்குப் பதினேழு வரிதான். அப்படியானால் ஒரு பக்கத்துக்கு நூற்றிரண்டு. மொத்தத்தில் 1,152 குறைவு.

"பதினோரு பக்கம் கூட எழுதிட்டா சரியாப் போச்சுப்பா" என்றாள் மாலதி.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒவ்வொரு பக்கமும் நூற்றெட்டு என்று வேண்டிக்கொண்டு இப்படிப் பிசகிவிட்டதே, இதனால் கல்யாணத்துக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். மிச்சம் இருந்தது அறுபத்திரண்டு நாள். ஒரு நாளைக்கு 1,613 எழுத வேண்டும்.

என் மனைவி சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, முருகன் என்ன ஆடிட்டரா? வரி வரியா டிக் அடிச்சுப் பாக்கப் போறாரா?"

நான் கேட்கவில்லை. பதினேழு நாள், தூக்கம் நான்கு மணி நேரம். சாப்பாடு நினைத்தால் உண்டு. நெஞ்சு எந்நேரமும் படபடக்கும். எழுதுவது கடவுள் பெயர். மனத்தில் ஓடியது எண்ணிக்கை மட்டும். பதினெட்டாம் நாள் காலையில் வந்த வலிதான் நான் முதலில் சொன்னது.

ஓமத் தண்ணீர் குடித்தேன், சோடா குடித்தேன். அதில் இரண்டு மணி நேரம் வீண். பிறகு சரோஜா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் அம்மா முதலில் கேட்டது, "குடி உண்டா சார்?"

"காபி மட்டும். நாளைக்கு மூணு" என்றேன்.

ஸ்கேனில் பித்தப்பைக் கல் இல்லை. ரத்தத்தில் கொழுப்பும் அளவோடுதான் இருந்தது. ஆனால் கணையம் வீங்கியிருந்தது. அதன் நொதி, ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவைப் போல ஒன்பது மடங்கு. கணைய அழற்சி என்றார்கள். வாய் வழியாக எதுவும் கிடையாது, தண்ணீர்கூட. வலது கையில் டிரிப் ஏற்றினார்கள். எழுதும் கை அது.

"கவலையால வருமா மேடம்?" என்று சரோஜா கேட்டாள், என்னை முறைத்துக்கொண்டே.

"சம்பந்தம் இருக்கலாம்னு சிலர் சொல்றாங்கம்மா. உறுதியா யாரும் சொல்லல. சில பேருக்குக் காரணமே தெரியாது. ஆனா இவரு தூங்காம, சாப்பிடாம இருந்தது எந்த வியாதிக்கும் நல்லதில்ல."

படுத்தாலும் என் புத்தி மாறவில்லை. டிரிப் சொட்டை எண்ணினேன். நர்ஸ் வந்ததும், "சிஸ்டர், காலைல நிமிஷத்துக்கு நாப்பது விழுந்துச்சு. இப்ப முப்பத்திரெண்டுதான்" என்றேன்.

"நானேதான் கொறச்சேன் தாத்தா. என் டூட்டியும் நீங்களே பாத்துட்டா எனக்கு யாரு சம்பளம் குடுப்பா? சும்னே மல்கொள்ளி" என்று கன்னடத்தில் சொல்லி, பேசாமல் படுங்கள் என்பதுபோல் கண்ணை மூடிக் காட்டினாள்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை காய்ச்சல் ஏறியது. மூச்சு வாங்கியது. டாக்டர் அம்மா சரோஜாவை வெளியே கூப்பிட்டு, இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றாராம். உள்ளே வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே ஒரே தூசி என்றாள். மழை பெய்துகொண்டிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

நேரம் காலை பதினொன்று இருபது. ஜபிக்கப் பார்த்தேன். ஏழு, எட்டுக்கு மேல் எண்ணிக்கை நிற்கவில்லை. அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக எனக்கு எண்ணத் தெரியவில்லை. அழுதேன். பிறகு மனத்துக்குள் சொன்னேன்: "முருகா, கையும் ஓடவில்லை, கணக்கும் வரவில்லை. என் மகள் கல்யாணத்தைப் பார்க்கும்வரை என்னை வைத்திரு." ஒரே ஒரு முறைதான் சொன்னேன்.

சொன்னதும் படபடப்பு நின்றது. தூங்கிவிட்டேன். விழித்தபோது மாலை நான்கேகால். வலி பாதியாகியிருந்தது. சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ரத்தச் சோதனையில் ஒன்பது மடங்கு மூன்று மடங்காக இறங்கியிருந்தது. ஆறாம் நாள் இரண்டு ஸ்பூன் தண்ணீர். எட்டாம் நாள் கஞ்சி. அந்தக் கஞ்சியைப் போல் ருசியானதை நான் அதற்கு முன்னும் பின்னும் சாப்பிட்டதில்லை. பதினோராம் நாள் வீடு.

மாலதி கல்யாணத்தில் முன்வரிசையில் நின்று அட்சதை போட்டேன். எத்தனை பேர் வந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நேர்ச்சையை அந்த ஒரு வாக்கியத்தோடு முருகன் ஏற்றுக்கொண்டார் என்றே நம்புகிறேன். இப்போது தினமும் காலையில் ஒரு பக்கம் எழுதுகிறேன். என்ன நோட்டு, எத்தனை வரி என்று பார்ப்பதில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், ஒன்பதரைக்குப் படுக்கிறேன். ஐந்து வருடமாக அந்த வலி திரும்பி வரவில்லை.

மருந்தா, வேண்டுதலா என்று பஜனையில் சிலர் கேட்கிறார்கள். இரண்டும்தான். அந்த டாக்டர் அம்மாவிடம் என்னைக் கொண்டு சேர்த்தவரும் முருகனே. அப்படி ஒரு வலி வந்தால் ஓமத் தண்ணீரோடு உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும் வழியில் ஒரு முறை அவரைக் கூப்பிடுங்கள். ஒரு முறை போதும். அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

செலவு எவ்வளவு என்றும் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி ரூ. 9,840. மருந்து ரூ. 3,215. ஆட்டோ போக வர ரூ. 70. வீடு திரும்பியதும் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ரூ. 5. மொத்தம் பதிமூன்றாயிரத்து நூற்று முப்பது ரூபாய். அதில் முருகன் எடுத்துக்கொண்டது ஐந்து ரூபாய்.