இருமலும் பாடத்தில் சேர்த்தி

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு "ஆமாங்க சார்" என்பார்கள். விளங்கியதா? ஆமாங்க சார். விளங்கவில்லையா? அதற்கும் ஆமாங்க சார்தான்.

பத்தாம் தரத்தில் உயரமான பிள்ளை ஒருத்தி. உயரப்படி உட்காரவைப்பது எங்கள் வழக்கம் என்பதால் அவளுக்குக் கடைசி வரிசை வாங்கு. பதுளை ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்ணாடி போட்டும் அங்கிருந்து கரும்பலகை தெரியாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கணக்கு எழுதி, அந்தப் பிள்ளையின் பிழைகளுக்கும் சேர்த்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கணக்கு சார்கிட்ட சொல்லேம்மா."

"பயமா இருக்கு சார். எப்படிச் சொல்றது?"

நானே போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷம் வேறொரு சார் வந்தால்?

செய்யவேண்டியதை வீடியோவாக எடுத்துக் காட்டினால் பிள்ளைகளுக்குப் படிந்துவிடும் என்று ஒரு பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நடிக்க யாரும் வரவில்லை. ஆகவே ஐம்பதை நெருங்கும் நானே, தொந்தியோடு, கடைசி வாங்கில் மாணவியாக உட்கார்ந்தேன். எழும்பி, சோக்குத் தூள் தொண்டையில் ஏறி இருமி, "சார், எனக்கு போர்டு தெரியல. முன்னுக்கு உக்காரலாமா?" என்றேன். போனில் எடுத்த சக ஆசிரியை சிரித்ததில் படமும் குலுங்கியது.

வகுப்புக்குப் போட்டுக் காட்டினேன். உருண்டு புரண்டு சிரித்தார்கள். அந்த உயரமான பிள்ளை ஒருத்திதான் சிரிக்காமல் பார்த்தாள். இடைவேளைகளில் போனைக் கேட்டு வாங்கியும் பார்த்தாள்.

அடுத்த கிழமை கணக்குப் பாடத்தின்போது, வராந்தாவில் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றேன். கணக்கு சார் யாழ்ப்பாணத்துக்காரர். தங்கமான மனிதர், முகம் மட்டும் பரீட்சை மண்டபம்.

"விளங்கிச்சுதோ?"

"ஆமாங்க சார்!"

அவள் எழும்பினாள். இருமினாள். அச்சு அசலாக என் இருமல்.

"என்ன பிள்ளை, தடிமன் பிடிச்சிட்டுதோ?"

வீடியோவில் இந்தக் கேள்வி கிடையாது.

"இல்லைங்க சார்." கட்டியிருந்த கையை மெல்ல அவிழ்த்தாள். "எனக்கு போர்டு தெரியல. முன்னுக்கு உக்காரலாமா?"

"வாரும், வாரும். இதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே?"

முன்வாங்கில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டவள், "இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுங்க சார். எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

சத்தியமாக இது நான் நடித்ததில் இல்லை.

கணக்கு சார் நாலடி பின்னால் நகர்ந்து தன் எழுத்தைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பெரிதாக எழுதத் தொடங்கினார்.

கடைசி வாங்கிலிருந்து இன்னொருவன் எழும்பினான். இருமினான்.