இல்லாத மைதானத்துக்கு நான் விடுத்த அழைப்பு

டங்கனைக் கொட்டும் பனியில் தெருவுக்கு இழுத்தவன் நான்தான். அவர் மகள் அல்ல. முதியோர் இல்லத்துப் பணியாளர்களும் அல்ல. கோடியக்கரையில் உட்கார்ந்துகொண்டே, என் நாக்கால் இழுத்தேன்!

நம்புவீர்களா நீங்கள்? நம்பித்தான் ஆக வேண்டும்...

ஸ்காட்லாந்தின் துறைமுகம் ஒன்றில் மீன்பிடிப் படகில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். எங்களுக்குப் படகிலேயேதான் வாசம். ஊருக்குள் போக அனுமதியில்லை. கிழிந்த வலைகளைச் சரிசெய்ய வருவார் டங்கன், ஓய்வுபெற்ற மீனவர். கை வலையில் இருக்கும். வாய் முழுக்கக் கால்பந்து. அந்த ஊருக்கென்று முன்பு ஓர் அணி இருந்ததாம். அதைக் கலைத்துப் பல காலம் ஆயிற்று. மைதானம் இருந்த இடத்தில் இப்போது கடைக்கு வருபவர்கள் கார் நிறுத்துகிறார்கள்.

அப்பப்பா, அந்தக் கதைகள்! இடது ஓரத்தில் பறந்த செம்பட்டைத் தலை ஜாக்! காலையெல்லாம் ரொட்டி சுட்டுவிட்டு, கையில் மாவு வாசத்தோடு கோல் காக்க வந்த ராபர்ட்! பெருநகரத்து அணியை அடைமழையில் மண்ணைக் கவ்வ வைத்த அந்த ஒற்றை கோல்! ஓர் ஆட்டம்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஜாக்கின் ஓட்டம் எனக்கு அத்துப்படி.

ஊர் திரும்பிய பிறகும் சனிக்கிழமைதோறும் டங்கனோடு வீடியோவில் பேசுவேன். மெல்ல மெல்ல அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. ஒருநாள், நம் அணி இன்று வென்றதா என்று கேட்டார்.

அணியே இல்லை என்று சொல்லியிருக்கலாம்... ஜாக் இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம்... சொன்னேனா?

எங்கள் ஊர்க் கால்பந்துப் போட்டிகளில் மைக் பிடிப்பவன் நான். உப்பளத்து ஓரத் திடலில் என் குரல் கேட்டால் பக்கத்து ஊர்க்காரர்களும் சைக்கிளை எடுப்பார்கள். அந்தக் குரலில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆரம்பித்தேன். ஜாக் வாங்குகிறார், ஒருவரை ஏய்க்கிறார், இன்னொருவரை... கோல்! டங்கன் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார். நான் முற்றத்தில் குதித்தேன். அவருக்காக மட்டும் செய்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். எனக்கே அது கள் குடித்த போதையாக இருந்தது!

என் மனைவி செல்வி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, அவரு புத்தி தடுமாறுற மனுஷன். நீங்க சொல்றத நெசம்னே நம்புறாரு. அவரு மககிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

உனக்குக் கால்பந்து புரியாது என்று சிரித்து மழுப்பினேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை அரையிறுதி நடத்தினேன். என்ன ஆட்டம் அது! கடைசி நிமிடத்தில் ராபர்ட் பாய்ந்து பந்தைப் பிடித்தார். டங்கன் கண்ணில் நீர். எங்கள் பக்கம் ஆட்டம் முடிந்தால் அறிவிப்பாளர் அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டத்தை அழைத்தாக வேண்டும். அழைக்காமல் மைக்கை வைத்துப் பழக்கமே இல்லை எனக்கு. அதே வேகத்தில் முழங்கினேன்:

"அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம்! நம்ம சொந்த மைதானத்தில்! அனைவரும் திரண்டு வாரீர்!"

கட்டாயம் வருகிறேன் என்று கையை உயர்த்தினார் டங்கன்.

அடுத்த சனிக்கிழமை போனை யாரும் எடுக்கவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு, முதியோர் இல்லத்தில் யார் கண்ணிலும் படாமல் கிளம்பியிருக்கிறார். கார் நிறுத்தும் அந்த இடத்தில், பனியில் விழுந்து கிடந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பிழைக்கவில்லை.

அவர் மகள் மொய்ரா அழைத்துச் சொன்னபோது என் மனம் முதலில் என்ன நினைத்தது தெரியுமா? என் குரலுக்கு ஒருவர் பனியில் நடந்தே போயிருக்கிறாரே என்ற பெருமை! ஒரு கணம்தான். ஆனால் அந்தக் கணம் இருந்தது... அதை எங்கே கொண்டு போய்க் கழுவுவது?

அன்று அப்பாவை வெளியே அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தாளாம், வேலை வந்துவிட்டதாம். தனக்காகக் காத்திருந்து, தன்னைத் தேடித்தான் புறப்பட்டார் என்று விம்மினாள்.

"அப்பா உங்களிடம்தான் மனம்விட்டுப் பேசுவார். எதற்காகக் கிளம்பினார்... உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் நன்றி சொன்னாள், அப்பாவைக் கடைசிவரை சிரிக்க வைத்ததற்கு!

இன்றும் எப்போதாவது எழுதுகிறாள். அன்று மட்டும் நான் போயிருந்தால், என்று. உன்மேல் தவறில்லை அம்மா என்று உடனே பதில் போடுகிறேன். யார்மேல் என்று மட்டும் இதுவரை எழுதியதில்லை.