விசில் அடிக்காத வீடு

இன்று மதியம் எங்கள் சமையலறையில் புதுக் குக்கர் முதல் விசில் அடித்தது. எனக்கு முப்பத்தாறு வயது. ஆனாலும் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

நார்த்மீட் என்ற புறநகரில் நான் வளர்ந்த வீட்டில் எதுவுமே சத்தம் போடாது. என் அண்ணன் பதினாலு வயதில், காலையில் அலாரம் அடித்த நொடியில் இதயம் நின்று இறந்துபோனான். குடும்பத்தில் வழிவழியாக வரும் அதே இதயக் கோளாறு எனக்கும் இருக்கிறது, திடீர்ச் சத்தம் ஆபத்து என்றார் டாக்டர். அன்றே அம்மா அலாரத்தைத் தூக்கிப் போட்டாள். காலிங் பெல்லைக் கழற்றினாள். வருகிறவர்கள் ஜன்னலை விரலால் தட்டுவார்கள். குக்கர் பரணுக்குப் போனது. பருப்பு பானையில் மணிக்கணக்கில் வெந்தது. தினமும் காலையில் மஞ்சள் வாசமடிக்கும் ஈரக்கையால் என் கால் கட்டைவிரலைப் பிடித்து எழுப்புவாள். நான் கண் திறக்கும்வரை மூச்சு விடமாட்டாள். எனக்கோ எரிச்சலாக வரும்.

மாத்திரையும் நெஞ்சுக்குள் வைத்த சின்னக் கருவியும் இருக்கின்றன, இனிப் பயப்படாதே என்று டாக்டர் சொல்லி வருஷங்கள் ஆகியும் நான் குக்கர் வாங்கவில்லை. நேற்று என் மகளின் பரிசோதனை முடிவு வந்தது. அவளுக்கு அந்தக் கோளாறு இல்லை. இன்று காலை அம்மா தனியாகப் பிளாக்டவுன் கடைத்தெருவுக்குப் போய்க் குக்கரோடு வந்து நின்றாள்.

இரண்டாவது விசில் அடித்தது. அடுப்பை அணைக்க ஓடினேன்.

"விடுடி, நல்லா அடிக்கட்டும்," என்றாள் அம்மா. "பருப்புக்கு இன்னும் ரெண்டு விசில் வரணும்."