வேலையில்லாத டி செல்கள்

எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. ரத்தக் குழாயின் மேல் ஓர் எண் மட்டும் ஒட்டியிருக்கும். எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலர் எங்கள் ஆய்வுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறார்கள். வைரஸின் அளவு மாறும்போது, அவர்கள் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் டி செல்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது என் வேலை. செல்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, லேசர் ஒளியின் முன் ஒவ்வொன்றாக ஓடவிட்டால், திரையில் புள்ளிகளாக வந்து விழும். அந்தப் புள்ளிக் கூட்டங்களைப் பார்த்தபடியே தில்லியின் நான்கு குளிர்காலங்களைக் கழித்துவிட்டேன்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளை எனக்குத் தெரிந்தது ஒரே ஒருவர் விஷயத்தில்தான். அவருக்கு ஹிந்தி நன்றாக வரும். ஆனால் தன் உடம்பைப் பற்றி ஹிந்தியில் பேசப் பிடிக்காது. அதனால் அவர் வரும் நாளில் சிகிச்சை மையத்து டாக்டரம்மா தமிழில் பேச என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். ஆர்.கே.புரத்தில் மகனுடைய அரசுக் குடியிருப்பில் இருந்தார். ஊர் ஈரோட்டுப் பக்கம், வயது ஐம்பது இருக்கும். வீட்டிலிருந்தே இட்லி மாவும் பட்சணமும் செய்து விற்பார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைக் கண்ணு என்பார். ஊசி ஏறும்போது கையைப் பார்க்காமல் என் பின்னலைப் பார்த்து, "தலைக்கு எண்ணெயே காட்ட மாட்டியா கண்ணு?" என்று கேட்பார்.

ஒருநாள் தன்னுடைய செல்களைப் பார்க்க வேண்டும் என்றார். டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டு, படங்களை அச்செடுத்துக்கொண்டு போனேன். சிகிச்சையின் தொடக்கத்தில் எடுத்த படத்தில், இந்த வைரஸைக் குறிவைத்துத் தாக்கும் டி செல்கள் அடர்ந்திருந்தன. கடைசிப் படத்தில் அங்கங்கே சில புள்ளிகள்தான்.

"என்ன கண்ணு, எல்லாம் செத்துப்போச்சா?"

"வைரஸ் அடங்கினதும் இதுங்களுக்கு வேலை இல்லக்கா. அதான் குறைஞ்சுடுது. நல்ல அறிகுறிதான். ஞாபகத்துக்குக் கொஞ்சம் மட்டும் தங்கும்."

அக்கா யோசித்தார். "அச்சா. தீபாவளிக்கு முறுக்கு சுத்த எட்டுப் பொம்பளைங்களக் கூப்புடறேன். ஆர்டர் முடிஞ்சா ரெண்டு பேர வெச்சுக்கிட்டு மத்தவங்கள அனுப்பீர்றேன். அப்புடித்தானே?"

"அதேதான்" என்றேன். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதியும் இவ்வளவு சுலபமாகச் சொல்ல எனக்கு வந்ததில்லை. லக்ஷ்மிபாய் நகரில் வீட்டுக்குப் போனதும், ஆளைச் சொல்லாமல் அந்த உவமையை மட்டும் அம்மாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

தைப்பூசம் முடிந்து வந்த அக்காவின் ரத்தத்தில் அந்தப் புள்ளிகள் மறுபடி அடர்ந்திருந்தன. விழித்துக்கொண்ட செல்களில் மட்டும் தெரியும் நிறமும் சேர்ந்து தெரிந்தது. ஒரு தாளில் காரணங்களை எழுதினேன். குழாய் மாறியிருக்கலாம். சாயம் கூடியிருக்கலாம். கருவி சரியாக அளவு வைக்கப்படாமல் இருந்திருக்கலாம். சளி, காய்ச்சல் வந்திருக்கலாம். மாத்திரை நின்றிருக்கலாம். முதல் மூன்றையும் அன்றே சோதித்து அடித்துவிட்டேன். காய்ச்சல் மற்ற டி செல்களை எழுப்பும். குறிப்பாக இவற்றை இவ்வளவு பெருக்காது. மறுநாள் வைரஸ் அளவின் முடிவு வந்தது. இரண்டு வருடமாகக் கருவிக்குத் தென்படாமல் இருந்த வைரஸ் திரும்பி வந்திருந்தது.

"நீயே பேசு. உன்கிட்டதான் உண்மை வரும்" என்றார் டாக்டரம்மா. அக்காவை வரச் சொன்னோம்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்கல்லக்கா?"

"சாப்புடறேன்." பையின் பிடியைத் திருகினார். "நடுவுல ஒரு இருவத்தொரு நாள் மட்டும் இல்ல. மலை மந்திர் முருகனுக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருந்தேன்."

"விரதத்துல மாத்திரை கூடாதுன்னு யாருக்கா சொன்னாங்க?"

"அதுக்கில்ல கண்ணு. ரெண்டு வருசம் கூப்புடாம வுட்டா முறுக்கு சுத்தறவங்க வேற எடம் பாத்துட்டுப் போயிர்றாங்க. போன் பண்ணா எடுக்கறதில்ல. இந்தச் செல்லுங்களும் மறந்து போயிருமோன்னு இருந்துது. வருசத்துக்கு ஒருக்கா வேல குடுத்து வெச்சா தேவலைன்னு நெனச்சேன். மத்த நாள்ல பயம். விரத நாள்னா முருகன் காவலுக்கு இருக்கான் பாரு." குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "செல்லுங்க வந்துதுங்களா?"

"வந்துதுங்கக்கா."

"பாத்தியா" என்றார். அவர் முகத்தில் ஒரு கணம் வந்துபோன பெருமையைப் பார்த்து எனக்குக் கோபப்படவும் முடியவில்லை. அதேதான் என்று சொன்னவள் நான்.

விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பெருகும்போது இந்த வைரஸ் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். மாத்திரைக்கு மசியாத வகை ஒன்று உருவாகியிருந்தால், இதுவரை காப்பாற்றிய மாத்திரை இனி அவருக்கு வேலை செய்யாது. ஒருநாளும் விடாமல் சாப்பிட்டு, மூன்று மாதம் காத்திருந்து பார்க்க வேண்டும்.

"இது முறுக்கு ஆர்டர் மாதிரி இல்லக்கா. இங்க வர்றவன், எட்டுப் பேரையும் கூப்பிட்டு வேலை சொல்ற ஆளையே பிடிச்சு, அந்த ஆளுக்குள்ளயே குடியிருந்து பெருகறவன்."

"அப்ப என்னையவே புடிக்கறவனா?"

"ஆமா."

"சனியன். இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

அக்கா என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் சிரித்தது. "உன்ற தப்பு பாதி, என்னுது பாதி. டாக்டரம்மாகிட்ட முழுசும் என்னுதுன்னு சொல்லீரு. உனக்கு வேல போயிரப் போவுது."

நான் இரண்டு பாதியையும் சொன்னேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் படம் காட்டு என்றார், அவ்வளவுதான்.

அடுத்த நாளிலிருந்து காலை எட்டு மணிக்கு என் போனில் ஒரு படம் வரும். எவர்சில்வர் தட்டில் இட்லி, ஓரத்தில் மாத்திரை. சில நாள் பொங்கல், ஞாயிற்றுக்கிழமை என்றால் பூரி. நான் அனுப்பச் சொல்லவே இல்லை. எட்டு பத்துக்குள் படம் வராவிட்டால் பஸ்ஸில் நின்றபடி போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மே மாதம் மறுபடி ரத்தம் எடுத்தோம். புள்ளிகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. அதை மட்டும் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நான்கு நாள் கழித்து வைரஸ் அளவின் முடிவை டாக்டரம்மா என் கையில் கொடுத்தார். தென்படவில்லை என்று இருந்தது.

போன் செய்தேன். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அதை நிறுத்தினார். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"நல்லாப் பாத்தியா கண்ணு? ரெண்டு தரம் பாத்தியா?"

"மூணு தரம் பாத்தேன்க்கா" என்றேன். உண்மையில் ஐந்து.