தோடும் டீ குடித்ததா?

அவள் எந்த முகத்தையும் லேசில் நம்பியதில்லை. கணவரின் போட்டோக் கடையில் அவள் வேலை அப்படி. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருபவர்களை முக்காலியில் உட்காரவைத்து, மூக்கின் பளபளப்பைப் பவுடர் பஞ்சால் ஒற்றி மறைப்பாள். மறைத்தே பழகியவள் என்பதால், அடுத்தவர் எதைக் காட்டினாலும் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்றுதான் பார்ப்பாள். பால்காரர் சிரித்தால்கூட, “இன்னைக்குத் தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியோ?” என்பாள்.

அவள் தங்கைக்கு எண்ணெய் வழியும் முகம். பருக்கள் வேறு. முன்பு ஒருமுறை, பருவுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்திவிட்டு, கன்னமெல்லாம் சீழ் கட்டி, அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவள். அவள்தான் ஒருநாள் பச்சைத் தேயிலைப் பொட்டலத்தோடு கடைக்கு வந்தாள்.

“அக்கா, இதுல பாலிஃபீனால்னு ஒண்ணு இயற்கையாவே இருக்காம். முகத்துல எண்ணெயைக் குறைக்குமாம். வேலை செஞ்சா மாத்திரைக்குப் பெரிய கும்பிடு.”

“யாருடி சொன்னா? விக்கிறவனா?”

“நீ எவன் சொன்னாலும் நம்பமாட்டே. படத்தை நம்புவேல்ல? எடு.”

அக்கா பவுடர் போடாமல் ஒரு படம் எடுத்தாள். தங்கை சில வாரங்கள் மாத்திரையோடு தேநீரும் குடித்துவிட்டு வந்தாள். அதே முக்காலி, அதே கேமரா, மறுபடியும் பவுடர் இல்லை. இரண்டு படங்களும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. முதல் படத்தில் கண்ணாடியாய் மின்னிய நெற்றி, இரண்டாவதில் அடங்கிக் கிடந்தது.

“பார்த்தியா! இன்னையோட மாத்திரை குப்பைக்கு.”

அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணைச் சுருக்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“உன் தோடும் டீ குடிச்சுதா?”

“என்னது?”

“முன்னாடி தோடு மின்னுச்சு. இப்ப அதுவும் மங்கிக் கிடக்கே.”

அப்போதுதான் அக்கா நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள். அதன் முன்னால் மெல்லிய வெள்ளைத் துணி.

“என்னங்க, இது எப்ப வந்துச்சு?”

“போன வாரம்தான்,” என்றார் கணவர் உள்ளறையிலிருந்து. “எல்லார் மூஞ்சியும் பளபளன்னு விழுதேன்னு கட்டினேன்.”

தங்கையின் முகம் வாடியது. அக்கா துணியை அவிழ்த்துவிட்டு இன்னொரு படம் எடுத்தாள். தோடு மின்னியது. நெற்றியும் மின்னியது, ஆனால் முதல் படத்தின் அளவுக்கு இல்லை.

“குறைஞ்சிருக்கா இல்லையா? உண்மையைச் சொல்லு.”

“குறைஞ்ச மாதிரிதான் இருக்கு. டீயாலயா, மாத்திரையாலயா, நீ வரும்போது முகம் கழுவினதாலயா, யாரு கண்டா? டீயைக் குடி, வேண்டாங்கல. மாத்திரையை டாக்டர் சொன்னா நிறுத்து.”

தங்கை முணுமுணுத்துக்கொண்டே கைப்பையிலிருந்து அன்றைய மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“போதுமா?”

“வாயைத் திற,” என்றாள் அக்கா. “நாக்கைத் தூக்கு.”